மூன்றாம் நாள் இரத்தம்
யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளின் கதையில் ஒரு பக்கம்

வாய், தொண்டை, களம், இரைப்பை என்று பள்ளிக்கூடத்தில் வரிசையாய்ப் பாடமாக்கினோம். களம் என்றால் உணவுக்குழாய். ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக்குழாய். வீட்டில் எவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அங்கே வேறு மொழி. "புட்டு நெஞ்சுக்கை நிக்குது" என்பார்கள். முதலில் புட்டு நிற்கும். அடுத்து பாண். பிறகு சோறும் குழம்பு கூட விட்டுப் பிசைந்தால்தான் இறங்கும், கூடவே ஒரு மிடறு தண்ணீரும் வேண்டும். இப்படியே இரண்டு மூன்று மாதம் போகும். கஞ்சிக்கு வந்த பிறகுதான் ஆரேனும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்குள் ஆள் பாதியாகியிருப்பார்.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் குடாநாட்டு மருத்துவமனைகளின் வரலாற்றைக் கேட்டார்கள். அடிக்கல், திறப்புவிழா, பொறுப்பதிகாரிகள் என்று ஆண்டு வாரியாக எழுதுவது வழமை. அப்படிப்பட்ட கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய உண்டு. ஒரு நோயையும், அதற்கான சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் ஒரு ஆபத்தையும், அந்த ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனையையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் அதே வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. ஆகவே இந்த வழி.

கதை மானிப்பாயில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷனின் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அதற்கு முந்திய வருடந்தான் பொஸ்ரனில் ஈதர் கொடுத்து நோயாளியை மயங்கவைத்து வெட்டிக் காட்டியிருந்தார்கள். நோவில்லாத சத்திரசிகிச்சை அப்போது ஒரு வயதுக் குழந்தை. கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார், மாணவர்களைச் சேர்த்தார். 1860களின் நடுவில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். 1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்'. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வைத்தியர்களாய்ப் போனார்கள். 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று யாழ்ப்பாணத்தில் நட்புதவிச் சங்க வைத்தியசாலையைத் தொடக்கினார். 1907இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. இன்றைய போதனா வைத்தியசாலையின் வேர் அங்கேதான். 1898இல் இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்கென்று எழுந்தது.

'இரண வைத்தியம்' என்ற தலைப்பை நான் ஒருபோதும் சும்மா கடந்து போனதில்லை. இரணம் என்றால் புண். கட்டியைக் கீறுவது, முறிந்த எலும்பைக் கட்டுவது, அழுகிய காலை எடுப்பது எல்லாம் அக்காலச் சத்திரவைத்தியத்தின் எல்லைக்குள் இருந்தன. நெஞ்சு அந்த எல்லைக்கு வெளியே. கிறீன் கெட்டிக்காரர் இல்லை என்பதல்ல. உலகில் எவராலும் நெஞ்சைத் திறக்க முடியவில்லை. விலா எலும்புகளுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால்தான் சுவாசப்பை விரிந்து நிற்கிறது. ஒரு துவாரம் போட்டால் வெளிக்காற்று புகும், சுவாசப்பை சுருங்கும், ஆள் முடிந்துவிடும். களமோ முதுகெலும்புக்கு முன்னால், இதயத்துக்குப் பின்னால், பெருநாடிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. புட்டு இறங்காத மனுசிக்கு அன்றைய வைத்தியன் செய்யக் கூடியதெல்லாம் கஞ்சியைத் தெளிய வைத்துக் கொடுக்கச் சொல்வதுதான்.

1913இல் நியூயோர்க்கில் பிரான்ஸ் தொறெக் என்பவர் முதன்முதலாக நெஞ்சுக்குள் இருந்த புற்றுநோய்க் களத்தை எடுத்து ஆளையும் உயிரோடு அனுப்பினார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு ஈதர் கலந்த காற்றை ஊதிக்கொண்டிருந்ததால் சுவாசப்பை சுருங்கவில்லை. நோயாளி 67 வயதுப் பெண். எடுத்த களத்துக்குப் பதிலாக ஒன்றும் வைத்துத் தைக்கவில்லை. கழுத்தில் ஒரு துவாரம், வயிற்றில் ஒரு துவாரம், இரண்டையும் இணைக்க உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர்க் குழாய். அந்த அம்மையார் அதன் வழியே உண்டு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1946இல் வேல்ஸ்காரரான ஐவர் லூயிஸ் வலது மார்பு வழியாகப் போய்க் களத்தை எடுத்து, இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் முறையை விபரித்தார். எண்பது ஆண்டாகியும் உலகின் பெரும்பாலான சத்திரசிகிச்சைக் கூடங்களில் அவருடைய பெயரே அந்தச் சிகிச்சையின் பெயர்.

இந்த நோய் எங்கள் மண்ணில் எப்படி வேர்விட்டது என்பதற்கு நெடுந்தூரம் போகத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பிறகு தெற்கே சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக் கடை வைத்தார்கள். எத்தனையோ வீடுகள், எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு, சில கோயில் திருப்பணிகள்கூடப் புகையிலைத் தோட்டத்துக் காசில் நடந்தவை. அதே புகையிலை வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு கடைவாயில் அடங்கியது. 1970இல் சத்திரசிகிச்சை நிபுணர் எஸ். ஜே. ஸ்ரீபனும் சுவாச நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொடவும் இலங்கையின் களப் புற்றுநோய் பற்றிப் பிரித்தானியப் புற்றுநோய் இதழில் எழுதிய கட்டுரை வெற்றிலை போடும் பழக்கத்தை நேராகச் சுட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலையோடு வெற்றிலை போடுவது களப் புற்றுநோய்க்குக் காரணம் என்று தீர்த்து எழுதியது 2004இல். 2016இல் 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டோடு குடிக்கும் பானங்களையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி கேட்கும் எங்கள் அப்பாமாருக்கு இதை எடுத்துச் சொல்லி ஒருவரும் வென்றதில்லை. மேற்கு நாடுகளில் இப்போது களத்தின் அடியில் வரும், அமில எதுக்களிப்போடும் உடற்பருமனோடும் தொடர்புபட்ட புற்றுநோயே மிகுதி. எங்களுடையது பெரும்பாலும் பழைய வகை. நடுக்களத்தில் செதில் கலங்களில் பிறப்பது.

இனிச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடப்பது.

கத்தி வேலை களத்தில். ஆபத்து பெரும்பாலும் சுவாசப்பையில். கேட்பவருக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மார்பைத் திறந்து வேலை செய்யும் மணித்தியாலங்களில் ஒரு பக்கச் சுவாசப்பையைச் சுருங்கவிட்டு மற்றதை மட்டும் ஊதுகிறார்கள். விலா வெட்டிய நோவில் நோயாளி ஆழமாக மூச்செடுக்கப் பயப்படுகிறார், இருமப் பயப்படுகிறார். சளி அடியில் தேங்குகிறது. கழுத்தில் குரல்வளைக்குப் போகும் நரம்பு கத்திக்கு மிகக் கிட்டவாக ஓடுகிறது. அது தளர்ந்தால் குரல் கம்மும், விழுங்கும் எச்சில் வழிதவறும். இரைப்பை இப்போது வயிற்றில் இல்லை, நெஞ்சுக்குள் குழாயாகத் தொங்குகிறது. அதன் வாயிலில் இருந்த காவல் வால்வும் போய்விட்டது. படுத்தால் உள்ளதெல்லாம் மேலே வரும். அதிலும் நோயாளி பல வருடம் சுருட்டுப் புகைத்தவர், பல மாதம் ஒழுங்காய்ச் சாப்பிடாதவர். நியூமோனியா வராவிட்டால்தான் ஆச்சரியம்.

உலகின் பெரிய சிறப்பு நிலையங்கள் பல சேர்ந்து தங்கள் கணக்கை 2019இல் வெளியிட்டன. 2,704 பேரில் 59 வீதமானோருக்கு ஏதோ ஒரு சிக்கல். நியூமோனியா மட்டும் 14.6 வீதம். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 2.4 வீதம், தொண்ணூறு நாளுக்குள் 4.5 வீதம். இவை வருடத்தில் எத்தனையோ பேருக்கு இதே சிகிச்சையைச் செய்யும் இடங்களின் எண்கள் என்பதை மறக்கக் கூடாது. மார்பை அகலத் திறக்காமல் துவாரங்கள் வழியாகச் செய்யும் முறை வந்ததும் நிலைமை கொஞ்சம் திருந்தியது. கோயம்புத்தூரில் சி. பழனிவேலு குழுவினர் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து 130 பேருக்குச் செய்த அனுபவத்தை 2006இல் எழுதினார்கள். குப்புறப் படுத்தால் சுவாசப்பை தானே முன்னால் சரிந்து வழிவிடும் என்பது எளிமையான யோசனை, ஆனால் அதைச் செய்து காட்டுவது எளிதல்ல. ஐரோப்பாவில் 115 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2012இல் வந்தது. முதல் இரண்டு கிழமையில் திறந்த முறையில் 29 வீதமானோருக்கு சுவாசப்பைத் தொற்று, துவார முறையில் 9 வீதம். வித்தியாசம் பெரிது. என்றாலும் பூச்சியம் ஆகவில்லை.

அப்படியானால் யாருக்கு வரும், எப்போது வரும் என்று முந்தித் தெரிந்தால்? காய்ச்சல் ஏறி, மூச்சு இரைத்து, எக்ஸ்றேயில் வெள்ளை படர்ந்த பிறகு எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு நாள், ஒன்றரை நாள் முந்தி? இங்கேதான் ஆய்வுகூடம் கதைக்குள் வருகிறது. இனிமேல் நான் அந்தப் பக்கத்தில் நின்றே எழுதுகிறேன்.

1930இல் நியூயோர்க் ரொக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் ரிலெற், தோமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியாவின் கலச்சுவரிலிருந்து எடுத்த சி என்ற பொருளோடு நோய் உக்கிரமாயிருந்தவர்களின் இரத்த நீர் வினைபுரிந்து படிந்தது. குணமானவர்களின் இரத்தம் அப்படிப் படியவில்லை. அந்தப் புரதத்துக்குச் சி வினைப்புரதம், சீ.ஆர்.பி. என்று பெயர் வந்தது. இன்று மூட்டுவாதத்துக்கும் டெங்குவுக்கும் காரணமில்லாக் காய்ச்சலுக்கும் எழுதப்படும் சீ.ஆர்.பி. பிறந்ததே நியூமோனியா வாட்டில்தான். இப்போது களச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நியூமோனியாவுக்கு அதை எதிர்பார்ப்பது ஒருவகையில் தாய்வீட்டுக்குத் திரும்புவது.

ஈரல்தான் இதைச் சுரக்கிறது. உடம்பில் எங்கேனும் காயமோ தொற்றோ வந்தால் இன்ரலூக்கின் 6 என்ற செய்தி ஈரலுக்குப் போகும், ஆறு மணித்தியாலத்தில் சீ.ஆர்.பி. ஏறத் தொடங்கும், இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். ஆரோக்கியமானவரிடம் லீற்றருக்கு ஐந்து மில்லிகிராமும் இருக்காது. களம் எடுத்தவரிடம் இரண்டாம் நாள் 150ஐத் தாண்டுவது சாதாரணம். இதனால்தான் முதல் நாள் எண்ணைப் பார்த்து வெருள்வதில் அர்த்தமில்லை. அது வெட்டின் பெருமையைத்தான் சொல்லும். ஆனால் அந்தப் புரதத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 19 மணித்தியாலம். அதாவது தூண்டுதல் நின்றுவிட்டால் இருநூறு இருந்த எண் மறுநாள் காலைக்குள் நூறுக்குக் கிட்ட வரவேண்டும், அடுத்த நாள் மாலைக்குள் ஐம்பதுக்கு. மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கி நான்காம் ஐந்தாம் நாள் தெளிவாய் இறங்கியிருந்தால் பெரும்பாலும் நிம்மதி. இறங்கவேண்டிய நாளில் இறங்காமல் நின்றாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ எங்கோ நெருப்பு இன்னும் எரிகிறது. ஒற்றை எண்ணை விட மூன்று காலைகளின் கோடு பெறுமதியானது.

எங்கே எரிகிறது என்பதைச் சீ.ஆர்.பி. சொல்லாது. சுவாசப்பையிலா, இரைப்பையும் களமும் தைத்த இணைப்பு கசிகிறதா, வெட்டுக்காயத்திலா, சலக்குழாயிலா? கசிவுக்கும் இதே எண் ஏறும். ஆகையால் எண் ஏறினால் செய்வது மருந்தை மாற்றுவதல்ல முதலில். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பது, எக்ஸ்றே எடுப்பது, சளியைப் பரிசோதனைக்கு அனுப்புவது, தேவையானால் சி.ரி. ஸ்கானில் சாயம் குடிக்கவிட்டு இணைப்பைப் பார்ப்பது. இன்னொரு பொறியும் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் ஸ்ரீரொயிட் ஊசி கொடுக்கும் வழக்கம் சில நாடுகளில், முக்கியமாக யப்பானில், இருக்கிறது. கொடுத்தால் இந்த எண்கள் தாழ்ந்தே காட்டும். அந்த நாட்டு எல்லைக்கோட்டை எங்கள் நோயாளிக்குப் பொருத்தினால் கணக்குப் பிழைக்கும்.

புரோகல்சிற்ரோனின் என்று இன்னொன்று. தைரொயிட்டில் பிறக்கும் கல்சிற்ரோனின் ஹோர்மோனின் முன்னோடி, 116 அமினோ அமிலம் கொண்டது. பற்றீரியாத் தொற்றில் உடம்பெங்கும் சுரந்து இரத்தத்தில் ஏறும் என்று பிரான்சிலிருந்து 1993இல் எழுதினார்கள். சத்திரசிகிச்சையின் வெட்டுக்கு அது சீ.ஆர்.பி. போல அவ்வளவு கூத்தாடாது, பற்றீரியா வந்தால் ஏறும். அதனால் கூர்மை கூட. விலையும் கூட. தினமும் எழுதும் பரிசோதனையல்ல.

விலையில்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு அதன்மேல் தனி அன்பு. சாதாரண இரத்தக் கலக் கணக்கில் வெண்குழியங்களை வகை பிரித்துக் கொடுப்பார்கள் அல்லவா, அதில் நியூட்ரோபிலை லிம்போசைட்டால் பிரித்தால் ஒரு விகிதம் வரும். சுகமான ஆளில் 60ஐ 30ஆல் பிரித்தால் இரண்டு. உடம்பு அதிர்ச்சிக்குள்ளானதும் நியூட்ரோபில் பெருகும், லிம்போசைட் கரையும். 85ஐ 8ஆல் பிரித்தால் பத்தைத் தாண்டும். சிலோவாக்கியாவில் சகோரெக் என்ற வைத்தியர் 2001இல் இதைக் கடும் நோயாளிகளுக்கான அளவுகோலாகப் பரிந்துரைத்தார். புது இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடித் தட்டு, லீஷ்மன் சாயம், நுணுக்குக்காட்டி, நூறு கலங்களை வகை பிரித்து எண்ணும் பொறுமை. கண்ணாடி பொருத்திய பழைய நுணுக்குக்காட்டிக்கு மின்சாரம்கூட வேண்டாம், யன்னல் வெளிச்சம் போதும்.

மின்சாரம் என்றதும் யாழ்ப்பாணத்தார் ஒரு கணம் நிற்போம். 1990க்குப் பிறகு பல ஆண்டு குடாநாடு மின்சாரமில்லாமல் இருந்தது. ஜாம்போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். மருந்துப் பொருட்களுக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை. அதற்கு முந்தியே, 1987 ஒக்ரோபர் 21ஆம் 22ஆம் திகதிகளில், தீபாவளி நாளில், போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் சூட்டில் நோயாளர்களோடு வைத்தியர்களும் தாதியரும் ஊழியரும் விழுந்தார்கள். இறந்தவர்களில் 21 பேர் ஆஸ்பத்திரி ஆட்கள். இதை இந்த மலரில் எழுதாமல் விட்டால் வரலாறு எழுதியதாகாது, எழுதினால் ஒரு வரிக்கு மேல் எழுத முடிவதில்லை. 1990இல் வைத்தியசாலை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயமானது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. கட்டிலில் கிடந்தவர்களையும் கொண்டு நடக்கவேண்டியிருந்த இரவு அது.

இவற்றுக்கு நடுவே மருத்துவபீடம் வளர்ந்தது என்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். 1978இல் தொடங்கிய பீடத்தின் முதல் பீடாதிபதி பேராசிரியர் ஏ. ஏ. ஹூவர். சமூக மருத்துவத்தைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம். தமிழ் வாசகருக்கு அவர் 'மலைக்கொழுந்து' நாவலாசிரியர் நந்தி. ஒரு நோயாளியை வைத்தியம் செய்வதும் ஒரு ஊரை வைத்தியம் செய்வதும் வேறு வேறு என்பதைத் தோட்ட மக்கள் மத்தியில் வேலைசெய்து அறிந்தவர். உடற்கூற்றியலுக்குத் தலைமை தாங்கிய ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படியெல்லாம் ஆட்களை இழந்த பீடம் ஒவ்வொரு வருடமும் வைத்தியர்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தது.

புற்றுநோயாளர் நிலை இதிலும் ஒரு படி கஷ்டம். கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. பாதை திறந்திருந்தால் பஸ், மூடியிருந்தால் கப்பல் அல்லது விமானம்; ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மூடியபோதும் இதுவே நிலை. விழுங்க முடியாத நோயாளிக்கு ஒரு மாத இழுபறி என்றால் எத்தனை கிலோ குறையும் என்று எண்ணிப் பாருங்கள். போர் முடிந்த பின் 2011 யூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவவும் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்கள். வழிநெடுக ஆயிரக்கணக்கானோர் கூட நடந்தார்கள். சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது, 2013இல் திறந்தது. நாட்டின் தென்முனையிலிருந்து கால்நடையாக வந்த காசில் வடக்கே ஒரு ஆஸ்பத்திரி! அடுத்த நடையை 2016இல் மறுபக்கமாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கே, காலி கராப்பிட்டியப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக நடந்தார்கள். இவ்விரண்டையும் ஒன்றாகச் சொல்லவேண்டும், ஒன்றை மட்டும் சொன்னால் அரைக்கதை.

மறுபடி இரத்தத்துக்கு வருவோம். மகரகம போய்வந்த கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கத்தி வைப்பதற்கு முந்தியே இரத்தம் ஒரு செய்தி சொல்லுகிறது, அது பட்டினியின் செய்தி. அல்புமின் என்ற புரதத்தை ஈரல் ஆக்குகிறது. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய இருபது நாள். புட்டு நின்று மூன்று மாதமான ஆளில் அது குறைந்திருக்கும். புற்றுநோயோடு வரும் அழற்சியும் அதைக் கீழே தள்ளும். யப்பானில் ஒனோதெரா 1984இல் எளிய கணக்கொன்று போட்டுக் கொடுத்தார். டெசிலீற்றருக்கு இத்தனை கிராம் என்ற அல்புமினைப் பத்தால் பெருக்கு. கன மில்லிமீற்றரில் உள்ள லிம்போசைட் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கு; இரண்டையும் கூட்டு. 3.4 அல்புமினும் 1,200 லிம்போசைட்டும் உள்ளவருக்கு 34உம் 6உமாக 40. அவருடைய கணக்கில் 45க்கு மேலே துணியலாம், 40உம் அதற்குக் கீழும் வெட்டி இணைக்கும் வேலை வேண்டாம். கடதாசியும் பென்சிலும் போதும். இப்படிக் கத்திக்கு முந்திய எண் 'யாருக்கு வரும்' என்பதற்கு. கத்திக்குப் பிந்திய எண் 'எப்போது வருகிறது' என்பதற்கு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குழப்பும் கட்டுரைகள் உலகத்தில் நிறைய வருகின்றன.

இனி நம்பிக்கை எவ்வளவு என்ற கேள்வி. கணக்குக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூறு பேருக்குச் சத்திரசிகிச்சை; இருபது பேருக்கு நியூமோனியா வரப்போகிறது. வரப்போகிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிக்கும், வராதவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரைச் சரியாக விடுவிக்கும் பரிசோதனை நம்மிடம் உண்டு. அது 16 பேரைச் சரியாய்ப் பிடிக்கும், நாலு பேரைத் தவறவிடும். வராத எண்பதில் இருபது பேரையும் வீணாகப் பிடிக்கும். ஆக, 'வரும்' என்ற 36 பேரில் உண்மையில் வருவது 16 பேருக்கு மட்டும், பாதிக்கும் குறைவு. 'வராது' என்ற 64 பேரில் 60 பேருக்கு வராது, அது 94 வீதம். எனவே இந்தப் பரிசோதனைகளின் பலம் பயமுறுத்துவதில் இல்லை, வீட்டுக்கு அனுப்புவதில் இருக்கிறது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் தட்டுப்பாடான ஒரு ஆஸ்பத்திரியில் 'இவரை வாட்டுக்கு மாற்றலாம்' என்று சொல்லக்கூடிய ஒரு எண் எவ்வளவு பெறுமதி என்பது அங்கே இரவுக் கடமை பார்த்தவர்களுக்குத் தெரியும். மாறாக, எண் ஏறியது என்பதற்காக எல்லோருக்கும் கடைசிக் கையிருப்பு அன்ரிபயோட்டிக்கை எழுதினால் அடுத்த வருடம் அந்த மருந்து வேலைசெய்யாது.

எண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் செய்யவேண்டியவை ஏற்கெனவே தெரிந்தவை, பெரும்பாலும் காசில்லாதவை. சத்திரசிகிச்சைக்கு ஒரு மாதம் முந்தியாவது சுருட்டை விடவேண்டும், வெற்றிலையையும். பல்லையும் நாக்கையும் காலை மாலை துலக்கவேண்டும். வாயிலிருக்கும் பற்றீரியாதான் எச்சிலோடு சுவாசப்பைக்கு இறங்குகிறது. இயன்மருத்துவர் ஆழமூச்சு பழக்குவார், பந்துக் கருவி இல்லாத இடத்தில் பலூனை ஊதவிடுவார்கள். எழுபது வயது ஆள் கட்டிலில் இருந்து பலூன் ஊதுவதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவேண்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் நோவு குறையும். முதுகுத்தண்டு வழியாக நோவு மருந்து கொடுத்தால் இன்னும் நல்லது. சிறுகுடலுக்குள் குழாய் விட்டு முதல் நாட்களிலேயே உணவு ஊட்டவேண்டும். முதல் நாளே கட்டிலை விட்டு இறக்கி இருத்தவேண்டும். 'பாவம், படுக்கட்டும்' என்ற எங்கள் சனத்தின் அன்பு இந்த இடத்தில் மட்டும் நஞ்சு.

கடைசியாக ஒரு வேண்டுகோள், மலர்க் கட்டுரையில் வேண்டுகோள் வைப்பது மரபில்லை என்றாலும். சீ.ஆர்.பி. எந்த எண்ணுக்கு மேலே போனால் கவனம், ஒனோதெரா கணக்கு எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபத்து என்ற எல்லைக்கோடுகள் எல்லாம் யப்பானிலும் சீனத்திலும் ஐரோப்பாவிலும் கீறப்பட்டவை. அங்கே நோயாளி எண்டொஸ்கொப்பிச் சோதனையில் முந்தியே அகப்படுகிறார். இங்கே கஞ்சிக்கு வந்த பின் வருகிறார். எங்கள் ஆட்களின் தொடக்க அல்புமின் எவ்வளவு, மூன்றாம் நாள் எண் எவ்வளவு, யார் மூச்சிரைத்தார்கள், யார் சுகமாய்ப் போனார்கள் என்பதற்கான விடை வாட்டில் பி.எச்.ரி. என்று சொல்லும் கட்டில் சீட்டுக்களில் சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்க்க இயந்திரம் தேவையில்லை. ஒரு கோடிட்ட கொப்பி, ஏழு நிரல்: வயது, சுருட்டும் வெற்றிலையும், கத்திக்கு முந்திய அல்புமின், லிம்போசைட், முதலாம் மூன்றாம் ஐந்தாம் நாள் சீ.ஆர்.பி., எக்ஸ்றே, முப்பதாம் நாள் நிலை. ஏழாவது நிரலை நிரப்புவதுதான் கஷ்டம். அதற்கு யாரேனும் முப்பதாம் நாள் அந்த வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, புட்டு இறங்குகிறதா என்று கேட்கவேண்டும்.